குடும்பப் படமும் புதிய காமிராவும்

புகைப்படம் எடுத்துக்கொள்வது என்பது ஒரு குடும்பத்தின் வாழ்நாளில் இரண்டு மூன்று முறையே நிகழும் காரியமாக ஒரு காலத்தில் இருந்தது. திருமணமானவுடன் ஒன்று, மூத்த பிள்ளையின் புதுநன்மைக்கு ஒன்று, பாட்டனார் உடல் தளர்ந்துவிட்டார் என்று உணர்ந்தவுடன் ஒன்று என, குடும்பத்தார் அனைவரும் நகரத்து ஸ்டூடியோவுக்குப் பேருந்தேறிச் சென்று, தீட்டிய திரைச்சீலைக்கு முன் மூச்சடக்கி நின்று எடுத்துக்கொண்ட படங்கள் அவை. இன்றோ வீட்டிலுள்ள ஒவ்வொருவர் கையிலும் ஒரு காமிரா இருக்கிறது. பங்குத் திருவிழாவின் ஒரே இரவில் முந்நூறு படங்கள் எடுக்கப்படுகின்றன. எண்ணிக்கை பெருகிற்று என்பதில் ஐயமில்லை. வைத்துப் போற்றத்தக்க படங்கள் பெருகினவா என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை தெரியும் நேரம் பெரும்பாலும் துயரமான நேரமாக அமைந்துவிடுகிறது. குடும்பத்தில் பெரியவர் ஒருவர் இறைவனில் துயில் கொள்ளும்போது, அடக்கச் சடங்குக்கான ஏற்பாடுகளின் நடுவே யாரேனும் ஓர் இளைஞரிடம், “அப்பாவுடைய நல்ல படமாக ஒன்று எடுத்துக் கொடு தம்பி, பெரிதாக்க வேண்டும்” என்று சொல்வார்கள். அவர் தம் கைப்பேசியைத் துழாவுவார். ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கும். அப்பா இருக்கும் படங்களோ பத்தே பத்து. அவற்றிலும் ஏதோ ஒரு திருமண வீட்டுக் கூட்டத்தில், கடைசி வரிசையில், பாதி முகம் நிழலில் நிற்கும் படமே அகப்படும். அதுவும் உறவினர் ஒருவர் வாட்ஸ்அப் வழியாக அனுப்பியது. படக்கடைக்காரர் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்.

அவர் அவ்வாறு செய்வதற்குக் காரணம் உண்டு. டிஜிட்டல் படம் என்பது சிறு சிறு புள்ளிகளால் ஆன கோலம். சாதாரண முறையில் வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும் படம், செய்தி விரைவாகச் செல்ல வேண்டும் என்பதற்காகச் சுருக்கப்படுகிறது. பல வேளைகளில் நீளவாக்கில் ஏறத்தாழ 1600 புள்ளிகளே எஞ்சும். அந்த 1600 புள்ளிகளின் குறுக்கே பதினைந்து பேர் வரிசையாக நின்றால் ஒருவருக்கு நூறு புள்ளிதான் கிடைக்கும். முகத்திற்கு அதிலும் குறைவு. கூடத்துச் சுவரில் மாட்டும் 18 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உள்ள படத்திற்கு, அங்குலத்திற்கு 300 புள்ளி என்ற கணக்கில் 5400-க்கு 3600, அதாவது ஏறத்தாழ இரண்டு கோடிப் புள்ளிகள் வேண்டும். சற்று விலகி நின்று பார்க்கும் படமாதலால் இதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது ஐம்பது இலட்சம் புள்ளிகள் இருந்தாலும் சமாளிக்கலாம். நூறு புள்ளி முகத்தைக் கொண்டு ஒன்றும் செய்ய இயலாது. எனவே முதல் யோசனையை இங்கேயே சொல்லிவிடுகிறோம். முக்கியமான படங்களை ஒருவருக்கொருவர் அனுப்பும்போது ‘ஆவணம்’ என்ற பிரிவின் வழியாக அனுப்புங்கள். அப்போது படம் எடுத்தபடியே, சுருங்காமல் போய்ச் சேரும்.

இனி, காமிராவைப் பற்றிப் பேசுவோம். “பையன் ஆசைப்படுகிறான், எந்தக் காமிரா வாங்கலாம்?” என்று பெற்றோர் பலர் கேட்கின்றனர். விலையுயர்ந்த பொருளாதலால் கொஞ்சம் அடிப்படையிலிருந்தே விளக்குவது நல்லது.

பிலிம் இருந்த இடத்தில் இப்போது சென்சார் என்னும் உணரி இருக்கிறது. 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் ஒளியை மின்னேற்றமாக மாற்றிச் சேகரிக்கும் சில்லுக்கு வழிகண்டனர். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2009-இல், அதற்காக இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1975-இல் கோடக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் காமிராவைக் கட்டினார். அதன் எடை மூன்றரைக் கிலோவுக்கும் மேல். படத்தில் இருந்தவை பத்தாயிரம் புள்ளிகள். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிவுசெய்ய 23 நொடிகள் பிடித்தன. பிலிம் விற்றுப் பிழைத்த அந்நிறுவனம் தன் வீட்டிலேயே பிறந்த இக்குழந்தையை மனமுவந்து வளர்க்கவில்லை. 2012-இல் திவால் மனு கொடுக்க நேர்ந்தது.

அதே நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் என்பவர் 1976-இல் காப்புரிமை பெற்ற வண்ணக் கட்டம்தான் இன்றைக்கும் பெரும்பாலான காமிராக்களில் இருக்கிறது. உணரிக்கு நிறம் தெரியாது. வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வொரு புள்ளியின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு வடிகட்டி பொருத்தப்படுகிறது. நம் கண் பச்சையொளியில்தான் நுணுக்கங்களை மிகுதியாக உணர்கிறது என்பதால் பாதிப் புள்ளிகள் பச்சைக்கும், மீதியில் சரிபாதியாகச் சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒதுக்கப்பட்டன. விடுபட்ட நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து காமிரா கணக்கிட்டு நிரப்பிக்கொள்கிறது.

விளம்பரங்கள் மெகாபிக்சல் எண்ணிக்கையைப் பெரிதாகப் பேசும். ஒரு மெகாபிக்சல் என்பது பத்து இலட்சம் புள்ளி. 6-க்கு 4 அங்குல ஆல்பம் படத்திற்கு இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல் போதும். 10-க்கு 8 அங்குலப் படத்திற்கு ஏழு சொச்சம். இன்று விற்கும் எந்தக் கருவியும் இதைத் தாண்டிவிட்டது. ஆகையால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: உணரியின் பரப்பளவு என்ன? பழைய பிலிமின் அளவான 36-க்கு 24 மில்லிமீட்டர் உணரியை ‘முழுச் சட்டம்’ என்கின்றனர். அதன் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். அதற்கு அடுத்த, பொழுதுபோக்காளர் பெரும்பாலோர் வாங்கும் ஏ.பி.எஸ்.-சி வகையின் பரப்பு ஏறத்தாழ 330 முதல் 370. சாதாரணக் கைப்பேசியில் இருப்பதோ ஏறத்தாழ 30 சதுர மில்லிமீட்டர்; விரல் நகத்திலும் சிறியது. மழைநீர் பிடிக்க முற்றத்தில் அண்டாவை வைப்பதற்கும் தம்ளரை வைப்பதற்கும் உள்ள வேறுபாடே இது. அடைமழையில் தம்ளரும் நிறைந்துவிடும். தூறலில்தான் அண்டாவின் அருமை தெரியும். நடுப்பகல் வெயிலில் கைப்பேசிப் படத்திற்கும் பெரிய காமிராப் படத்திற்கும் வேறுபாடு காண்பது அரிது. மாலைத் திருப்பலியில் பளிச்சென்று தெரியும்.

இவ்விடத்தில் கைப்பேசிக்கு நியாயம் வழங்க வேண்டும். அது ஒரு முறை அமுக்கினால் பல படங்களை விரைந்தெடுத்து ஒன்றாகச் சேர்த்து, இருட்டில் வரும் மணல்மணலான கறையைக் குறைத்துவிடுகிறது. அசையாத பொருளுக்கு இது அருமையான உத்தி. ஓடும் பிள்ளைக்கும், ஆடும் நடனத்திற்கும் உதவாது. எனவே நம் தீர்ப்பு இதுதான்: படமெடுப்பதில் பிள்ளைக்கு உண்மையிலேயே நாட்டம் இருக்கிறதா என்று ஓராண்டு கைப்பேசியிலேயே எடுக்கச் சொல்லிப் பாருங்கள். ஒளியையும் முகத்தையும் கவனிக்கக் கற்றுக்கொண்டானா, சலிப்படைந்தானா என்பது தெரிந்துவிடும். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ காமிரா வாங்குவது எந்தக் காலத்திலும் வேண்டாம்.

நாட்டம் உறுதியான பிறகு, பழைய காமிராவே முதற்காமிராவாக இருக்கட்டும். உள்ளே கண்ணாடி உள்ள டி.எஸ்.எல்.ஆர். வகையை விட்டுவிட்டுக் கண்ணாடியில்லாத மிரர்லெஸ் வகைக்குத் தொழில்முறைப் படக்காரர்கள் மாறிவருவதால், நல்ல நிலையிலுள்ள பழைய கருவிகள் மலிவாகக் கிடைக்கின்றன. பத்தாண்டுக்கு முந்தைய ஏ.பி.எஸ்.-சி காமிரா ஒன்று குடும்பப் படங்களுக்கு இன்றும் தாராளமாகப் போதும்.

பழையதை வாங்குவோர் கையில் ஒரு டார்ச் விளக்குடன் செல்ல வேண்டும். லென்ஸைக் கழற்றி, துவாரத்தை முழுதும் திறந்து, ஒரு பக்கம் விளக்கை அடித்து மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் லென்ஸுக்கு இதைவிடப் பெரிய பகை இல்லை. எத்துணை மலிவாயினும் அதை வாங்க வேண்டாம். சில தூசிகள் இருப்பது குற்றமன்று. அடுத்து, துவாரத்தை எஃப் 16-க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். உணரியில் படிந்த அழுக்குகள் கரும்புள்ளிகளாகத் தெரியும். துடைக்கலாம், ஆனால் விலையில் குறைத்துக் கேட்கலாம் அன்றோ! ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்னும் எண்ணிக்கையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திருமண ஸ்டூடியோவில் உழைத்து ஓய்ந்த கருவி வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே தேய்ந்திருக்கும்.

ஆலயத்துக்குள் படமெடுத்தல்

காமிராவுடன் வழக்கமாகக் கிடைக்கும் 18-55 லென்ஸ் வெளியிடங்களுக்கு நல்லது. ஆலயத்துக்குள் அது திணறும். ஏனெனில் 55 மில்லிமீட்டர் நிலையில் அதன் துவாரம் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் எண் சிறிதாகச் சிறிதாகத் துவாரம் பெரிதாகும் என்பதை நினைவில் கொள்க. 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 என்னும் சிறிய லென்ஸ் ஏறத்தாழ எல்லா நிறுவனங்களிலும் மலிவாகக் கிடைக்கும். அது எஃப் 5.6-ஐக் காட்டிலும் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். மாலைத் திருப்பலியில் எஃப் 1.8, நொடியில் நூறில் ஒரு பங்கு, ஐ.எஸ்.ஓ. 1600 என்று வைத்தால் பெரும்பாலும் சரியாக வரும். அதே இடத்தில் 18-55 லென்ஸுக்கு ஐ.எஸ்.ஓ. 16000 வரை ஏற்ற வேண்டிவரும். படம் மணல் தூவியது போலாகிவிடும். இரண்டாவது பொருளாக எதை வாங்கலாம் என்று கேட்டால், காமிராப் பையும் வேண்டாம், வண்ணக் கண்ணாடிகளும் வேண்டாம், இந்த லென்ஸையே வாங்குங்கள் என்போம்.

நூறில் ஒரு பங்கு என்று குறிப்பாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை திசை மாறுகிறது. ஆகவே குழல் விளக்குகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் நொடிக்கு நூறு முறை கண்ணுக்குத் தெரியாமல் மினுக்குகின்றன. ஷட்டரை அதைவிட வேகமாக வைத்தால் சில படங்கள் மங்கியும் சில மஞ்சளாகவும், சிலவற்றில் குறுக்கே கறுப்புப் பட்டைகளோடும் வரும். நூறில் ஒன்று அல்லது ஐம்பதில் ஒன்று என்று வைத்தால் இத்தொல்லை பெரிதும் நீங்கும். சத்தமில்லாமல் எடுக்க உதவும் மின்னணு ஷட்டரில் இப்பட்டைகள் இன்னும் மிகுதி என்பதையும் அறிந்து வைத்தல் நலம்.

பிளாஷ் விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. வெண்மையான தாழ்ந்த கூரையின் மீது பிளாஷை அடித்து, அங்கிருந்து திரும்பும் மென்மையான ஒளியில் எடுப்பது வீட்டு அறைக்கு ஏற்ற நல்ல முறை. உயர்ந்த ஆலயக் கூரையில் அந்த ஒளி போனது போனதுதான், திரும்பி வராது. நேரே முகத்தில் அடித்தால் பின்னாலுள்ள பீடம் இருண்டுபோகும். அதுமட்டுமன்று, எழுந்தேற்ற நேரத்தில் கண்ணைக் கூசவைக்கும் மின்னல் வெட்டினால் மன்றாடிக் கொண்டிருப்போர் மனம் என்ன பாடுபடும்! பங்குத் தந்தையிடம் முன்னதாகவே அனுமதி பெற்று, ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டு, அங்கேயே நின்று எடுப்பவரே நல்ல படக்காரர்.

ஆலயத்து மங்கிய ஒளியில் பாடுபட்ட முதல் பொழுதுபோக்காளர் நாம் அல்லோம். 1898-ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலியின் தூரின் பேராலயத்தில் புனிதத் துணி பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது அதைப் படமெடுத்தவர் செகோந்தோ பியா. அவர் தொழிலால் வழக்கறிஞர். படமெடுத்தல் அவருக்குப் பொழுதுபோக்கு. அந்நாளில் புதுமையாயிருந்த மின்விளக்குகளை ஆலயத்துக்குள் கொண்டுவந்து, பல நிமிடங்கள் கண்ணாடித் தகட்டை ஒளிக்குக் காட்டி எடுத்தார். தகட்டை இருட்டறையில் கழுவியபோது, துணியில் மங்கலாக மட்டுமே தெரிந்த முகம் எதிர்ப்படத்தில் தெளிவாக எழுந்ததைக் கண்டார் என்பது வரலாறு. அவ்வளவு பெரிய பெட்டியைச் சுமந்தவரோடு ஒப்பிட்டால் நம் பாடு எளிது.

சன்னலோரத்து நாற்காலி

நம் கட்டுரையில் எதை மறந்தாலும் இப்பகுதியை மறவாதிருக்க வேண்டுகிறோம். வீட்டிலுள்ள முதியோரை, அவர்கள் நலமாயிருக்கும்போதே, ஒரு நாள் முறையாக அமர்த்திப் படமெடுங்கள். இதற்குப் பெரிய காமிரா தேவையில்லை.

காலை ஒன்பது மணியளவில் நேர்வெயில் விழாத சன்னலைத் தேர்ந்துகொள்ளுங்கள். குழல் விளக்கை அணைத்துவிடுங்கள். இரண்டு வித ஒளி கலந்தால் முகத்தின் ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி பச்சையாகவும் தெரியும். சன்னலுக்குப் பக்கவாட்டில், மூன்று அடி தள்ளி நாற்காலியைப் போடுங்கள். சன்னலைப் பார்த்த கன்னம் ஒளியாகவும் மறுகன்னம் நிழலாகவும் இருக்கும். நிழல் மிகுதியானால் அந்தப் பக்கம் ஒருவரை வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். ஸ்டூடியோக்காரர் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் எதிரொளிப்பான் செய்யும் வேலையை அது செலவின்றிச் செய்துவிடும். பின்னால் காலண்டரும் துணிக்கொடியும் இல்லாத வெறும் சுவராக இருந்தால் போதும்.

கைப்பேசியில் எடுப்போர் முகத்தருகே போகக் கூடாது. அருகிலிருந்து எடுத்தால் மூக்கு பெருத்துக் காது சிறுத்துப்போகும். லென்ஸின் குற்றமன்று அது, தூரத்தின் குற்றம். ஆறேழு அடி பின்வாங்கி, இரண்டு மடங்கு என்னும் பொத்தானை அமுக்கி எடுங்கள். மூக்குக் கண்ணாடி அணிந்தவராயின் கண்ணாடியின் மேல் சன்னல் பளபளக்கும். முகத்தைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லலாம். அல்லது கண்ணாடியின் காதுப்பகுதியை அரை விரற்கடை உயர்த்திவிடலாம். கண்ணாடியைக் கழற்றச் சொல்ல வேண்டாம். முப்பது ஆண்டுகள் கண்ணாடியோடு பார்த்த முகம் அது.

வெண்புடவை உடுத்திய பாட்டியைப் படமெடுத்தால் முகம் இருண்டுபோவதைப் பலரும் கண்டிருப்பர். காமிராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்க முயல்கிறது. படத்தில் வெண்மை மிகுந்திருந்தால், ஒளி அதிகமென்று கருதிக் குறைத்துவிடும். ஆகவே ஒளித்திருத்தக் குறியைக் கூட்டல் பக்கம் ஒரு படி தள்ளி எடுக்க வேண்டும். கைப்பேசியாயின் முகத்தைத் தொட்டு, தோன்றும் சூரியக் குறியைச் சற்று மேலே இழுத்தால் போதும். புடவையின் மடிப்புகள் மறையும் அளவுக்கு இழுத்துவிடாதீர்கள்.

பாட்டிக்குப் புன்னகைக்க வரவில்லையென்றால் வற்புறுத்த வேண்டாம். ஊர்க்கதை ஒன்றைக் கேளுங்கள். அவர் பேசிக்கொண்டிருக்கட்டும், நீங்கள் எடுத்துக்கொண்டிருங்கள். நாற்பது படத்தில் ஒன்று அமைந்தால் வெற்றியே.

திருத்தலும் திரித்தலும்

படம் எடுத்த பிறகு கணினியில் செப்பனிடுவதைச் சிலர் ஏமாற்று வேலை என்று எண்ணுகின்றனர். படக்கலை தோன்றிய நாள்தொட்டே திருத்தமும் உடன் வந்தது. 1857, 1858 ஆண்டுகளில் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் பெரிய காகித எதிர்ப்படங்களில் பதிவுசெய்த லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவர், வெறிச்சோடித் தெரிந்த வானத்தில் எதிர்ப்படத்தின் மீதே சாயம் தீட்டி மேகங்களைப் படைப்பதுண்டு. நம் ஊர் ஸ்டூடியோக்காரர்களும் கூரிய பென்சிலால் எதிர்ப்படத்தின் மேல் தொட்டுத் தொட்டு முகச் சுருக்கங்களை மறைத்தவர்களே. தாமஸ் நால், ஜான் நால் என்னும் அமெரிக்கச் சகோதரர்கள் ஆக்கிய போட்டோஷாப் 1990-இல் விற்பனைக்கு வந்தபோது, அந்தப் பென்சில் கணினிக்குள் புகுந்தது, அவ்வளவே.

போட்டோஷாப்புக்கு இன்று மாதந்தோறும் சந்தா கட்ட வேண்டும். பொழுதுபோக்காளருக்கு அது தேவையில்லை. கிம்ப், டார்க்டேபிள், ரா தெரபி ஆகிய நிரல்கள் முற்றிலும் இலவசம். கைப்பேசிக்கு ஸ்னாப்சீட் உண்டு. திருட்டுப் பிரதிகளைத் தேடிப்போய்க் கணினிக்கு நோயை வருவித்துக்கொள்ள வேண்டியதில்லை. களவு களவுதான் என்பது ஒருபுறமிருக்க!

காமிராவில் ஜே-பெக், ரா என இருவகைக் கோப்புகள் உண்டு. ஜே-பெக் என்பது உப்பும் புளியும் சேர்த்துக் கொதிக்கவைத்து இறக்கிய குழம்பு. ரா என்பது நறுக்கி வைத்த காய்கறி. குழம்பில் உப்பு கூடிவிட்டால் எடுக்க முடியாது. ஜே-பெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளே உண்டு. ராவில், 14 பிட் காமிராவாயின், 16,384 படிநிலைகள். இருண்டுபோன முகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவரவும், விளக்கொளியில் மஞ்சளடித்த வெண்ணுடையை மீண்டும் வெண்மையாக்கவும் இந்த இடம் உதவும். எல்லாப் படங்களையும் ராவில் எடுத்து வட்டை நிரப்ப வேண்டாம். ஆலயம், திருமணம், முதியோர் முகம் ஆகியவற்றுக்கு மட்டும் பயன்படுத்தினால் போதும்.

செப்பனிடும்போது முதலில் சாய்வை நிமிர்த்தி, வேண்டாத ஓரங்களை வெட்டுங்கள். பிறகு, வெள்ளையென்று உறுதியாகத் தெரிந்த ஒன்றை, பீட விரிப்பையோ சட்டைக் காலரையோ, அடையாளம் காட்டி நிறத்தைச் சமன்செய்யுங்கள். அடுத்து ஒளி, நிழல். கூர்மையாக்குவது கடைசி வேலை. அதையும் கண்ணுக்குத் தெரியாத அளவில் செய்ய வேண்டும். செய்தபின் கணினியை விட்டு எழுந்து ஒரு தம்ளர் காப்பி அருந்திவிட்டு வந்து பாருங்கள். பாதித் திருத்தத்தை நீங்களே குறைத்துவிடுவீர்கள். எக்காரணம் கொண்டும் மூலப்படத்தின் மேலேயே சேமிக்காதீர்கள். பிரதியெடுத்து அதில் வேலை செய்க.

இனிச் சற்றுக் கடுமையாகவே ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் திருமண ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். மாநிறமும் கருநிறமுமான மணமக்கள் சுண்ணாம்பு பூசிய சுவர்களாய் நிற்கின்றனர். கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம், முகம் வேறொரு நிறம்! கைப்பேசிகள் பலவற்றில் ‘அழகு’ என்னும் அமைப்பு கேளாமலேயே இயங்கி, தோலை வெளுத்து மெழுகாக்கிவிடுகிறது. அமைப்புப் பக்கத்தில் தேடி முதல் நாளே அதை அணைத்துவிடுங்கள். இந்தக் கோணலுக்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. பிலிம் காலத்தில் அச்சுக்கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடக் நிறுவனம் அனுப்பிய மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியின் முகமே இருந்தது. ஷெர்லி அட்டைகள் என்று அவற்றுக்குப் பெயர். பல இனத்தவர் முகங்கள் கொண்ட அட்டைகள் வந்தது 1990-களில்தான். கருவி செய்தவர் நம்மை நினையாமல் செய்தார், அதைப் பொறுக்கலாம். நம் பிள்ளையின் முகத்தை நாமே வெளுக்கச் சொல்லிக் கேட்பதை எப்படிப் பொறுப்பது? அந்தப் படத்தைப் பார்க்கும் பெண் குழந்தை தன் முகத்தைப் பற்றி என்ன கற்றுக்கொள்ளும்?

எதைத் திருத்தலாம் என்பதற்கு நாம் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்று உண்டு. அடுத்த வாரம் தானே மறையக்கூடியதை, பருவை, கொசுக்கடியை, வியர்வைப் பளபளப்பை, நீக்கலாம். மச்சத்தையும் தழும்பையும் சுருக்கத்தையும் தொட வேண்டாம். அவை அந்த மனிதருக்கு உரியவை. மறைந்த தந்தையின் உருவை மகளின் திருமணப் படத்தில் சேர்த்துத் தரச் சொல்வோர் பலர். அந்த ஏக்கம் நமக்குப் புரிகிறது. குறை கூற மாட்டோம். ஆனால் அந்தப் படத்தின் பின்புறம் ‘பின்னர்ச் சேர்க்கப்பட்டது’ என்று எழுதி வையுங்கள். ஐம்பது ஆண்டு கழித்துப் பார்க்கும் பேரப்பிள்ளை, தாத்தா திருமணத்தன்று உயிருடன் இருந்தார் என்று நம்பிவிடக் கூடாது.

செயற்கை அறிவு நிரல்கள் மங்கிய பழம்படத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்கின்றன. கீறலையும் கறையையும் நீக்க அவை வல்லவை. முகத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். நூறு புள்ளியில் இல்லாத கண்ணிமையை அவை எங்கிருந்து கொண்டுவரும்? எங்கெங்கோ கற்ற முகங்களிலிருந்து ஊகித்து வரைகின்றன. வருவது அழகான முகமாக இருக்கும். உங்கள் தாத்தாவின் முகமாக இராது. நேரில் அறிந்த முதியவர் ஒருவரிடம் காட்டிக் கேட்டுவிட்டுப் பிறகு மாட்டுங்கள். மங்கிய மூலப்படத்தையும் தூக்கிப்போட்டுவிட வேண்டாம்.

பாதுகாத்தல்

காமிராவைத் தோல்பையில் பூட்டி அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றுப்புகாத மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைக்க வேண்டும். நிறம் மாறும் வகையாக வாங்கினால், ஈரம் குடித்ததும் அதன் நிறமே சொல்லிவிடும். சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். எல்லாவற்றிலும் நல்ல மருந்து, காமிராவை அடிக்கடி வெளியே எடுத்துப் படமெடுப்பது.

தவறுதலாக மெமரி கார்டிலுள்ள படங்கள் அழிந்துவிட்டால் பதற வேண்டாம். உடனே கார்டைக் கழற்றிவிடுங்கள். அதில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். அழித்தல் என்பது பெரும்பாலும் பெயர்ப் பட்டியலை நீக்குவதே. அதன்மேல் புதியது எழுதப்படும்வரை படங்கள் உள்ளேயே கிடக்கும். போட்டோரெக் என்னும் இலவச நிரல் அவற்றை மீட்டு, கணினியின் வட்டில் சேர்த்துவிட வாய்ப்பு மிகுதி.

ஒவ்வொரு படத்திற்கும் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறு ஊரில் என்பது படக்கலைஞர்களிடையே வழங்கும் விதி. நடைமுறையில், கணினியில் ஒன்று, தனி வட்டில் ஒன்று, தங்கை வீட்டில் ஒன்று என்று கொள்ளலாம். வெள்ளமோ திருட்டோ இரண்டு ஊர்களுக்கு ஒரே நாளில் வருவதில்லை. இணையச் சேமிப்பை மட்டும் நம்பியிருப்பது சரியன்று. கூகுள் நிறுவனம் படங்களுக்கு அளித்துவந்த அளவற்ற இலவச இடத்தை 2021 ஜூன் முதல் நாளோடு நிறுத்தியது. அதற்குப்பின் 15 ஜி.பி. வரையே இலவசம் என்றாயிற்று.

ஆண்டுக்கொருமுறை, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன்பாகக் குடும்பத்தார் கூடி அமர்ந்து, அவ்வாண்டுப் படங்களில் முப்பதைத் தேர்ந்து காகிதத்தில் அச்சிடுங்கள். கடவுச்சொல் தெரியாவிட்டாலும் காகிதம் திறக்கும். படத்தில் இருப்பவர் பெயர்களை இடமிருந்து வலமாக, ஊரும் ஆண்டும் சேர்த்துப் பின்புறம் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா அழுத்தினால் எழுத்து முன்பக்கம் புடைத்துத் தெரியும். இக்காலப் படத்தாள்களின் பின்புறம் வழவழப்பாக இருப்பதால் பென்சிலும் பிடிக்காது. அழியாத மையுள்ள மெல்லிய மார்க்கர் பேனாவால் ஓரமாக எழுதி, மை நன்றாகக் காய்ந்த பின்னரே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும்.